ஆண்டவனுக்கு உகந்த தேன் ஆண்டு நிறையாத குழந்தைக்கு ஆகுமா?

கும்பகோணத்தை அடுத்த திருப்புறம்பியத்தில், சாட்சிநாதர் ஆலயத்தில் எழுந்தருளியிருக்கும் பிரளயம் காத்த விநாயகருக்கு விநாயகர் சதுர்த்தி இரவில் விடிய விடியத் தேன் அபிஷேகம் நடைபெறுவதை அன்பர்கள் அறிவார்கள். ஊற்றுகின்ற தேன் கீழே வழிவதில்லை. அவ்வளவும் திருமேனியினுள்ளேயே சுவறிவிடுகிறது என்பது தலத்தார் வழிவழியாகப் போற்றி வரும் நம்பிக்கை. செந்நிறமாய் ஒளிரும் அத்திருமேனியைத் தீப வெளிச்சத்தில் தரிசிப்பது பெரும் பேறு.

ஓராண்டு அந்த இரவில் வரிசையில் நின்றபோது, எனக்கு முன்னால் எழுபது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மையார் நின்றிருந்தார். கையில் சிறிய கண்ணாடிப் புட்டி நிறையத் தேன். அபிஷேகத்திற்கா என்று கேட்டேன். “இல்லீங்க அய்யா. அபிஷேகத்துக்கு அப்பவே குடுத்தாச்சு. இது சந்நிதியில வச்சு எடுத்துக்கிட்டுப் போறதுக்கு. மகளுக்குப் பேரன் பொறந்து இருபது நாளாவுது. நாக்குல ஒரு சொட்டு தொட்டு வைக்கணும்னு ஆசை. அவ என்னடான்னா, டாக்டரம்மா கூடாதுன்னுட்டாங்கங்கிறா. சாமி மேல ஊத்துறது பச்சப்புள்ளைக்கு எப்படிங்க ஆகாமப் போவும்?” என்றார்.

அவருக்கு உடனே மறுமொழி சொல்ல எனக்குத் தெரியவில்லை. “விசாரித்துச் சொல்கிறேன் அம்மா” என்று மட்டும் கூறி, அவர் வீட்டுத் தொலைபேசி எண்ணை வாங்கிக்கொண்டேன். அதன் பின் சில வாரங்கள் தேனைப் பற்றிப் படிப்பதிலேயே கழிந்தன. அப்படி அறிந்தவற்றை நம் அன்பர்களுடன் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரை. பேரன் பேத்தி எடுத்த ஒவ்வொரு வீட்டிலும் அந்த அம்மையாரின் கேள்வி ஒருநாள் எழத்தானே செய்யும்?

தேனும் தெய்வமும்

தேனுக்கும் நம் வழிபாட்டிற்கும் உள்ள உறவு மிகப் பழைமையானது. பிருஹதாரண்யக உபநிடதத்தில் ‘மது வித்தை’ என்றே ஒரு பகுதி உண்டு. குறிஞ்சி நிலத்துக் கடவுளான முருகப்பெருமானுக்குத் தேனும் தினைமாவும் உகந்த நிவேதனம். பழனிப் பஞ்சாமிர்தத்தில் மலை வாழைப்பழம், நாட்டுச் சர்க்கரை, பசு நெய், ஏலக்காய் ஆகியவற்றுடன் தேனும் சேர்கிறது. 2019-ஆம் ஆண்டில் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. திருவாரூர் அருகே திருக்கண்ணமங்கையில் தாயார் சந்நிதியில் உள்ள தேன்கூட்டைக் கண்டு வணங்காதவர் இல்லை. முனிவர்களே தேனீ வடிவில் அங்கு தங்கிப் பெருமாளைச் சேவிப்பதாக ஐதீகம்.

மருத்துவ நூல்களும் தேனைக் குறைத்து மதிப்பிடவில்லை. சித்த மருத்துவத்தில் சூரணமோ பற்பமோ எதுவாயினும், பெரும்பாலும் தேனில் குழைத்தே உண்ணச் சொல்வார்கள். அதற்கு அனுபானம் என்று பெயர். மலைத்தேன், கொம்புத்தேன், மரப்பொந்துத் தேன், புற்றுத்தேன், மனைத்தேன் என்று இடத்திற்கேற்ப வகை பிரித்துக் குணம் சொல்வதும் உண்டு. சுசுருத சம்ஹிதை புண்களுக்குத் தேனும் நெய்யும் இட்டுக் கட்டும் முறையைக் கூறுகிறது. இக்காலத்து அறிவியல் இவற்றையெல்லாம் ஏற்கிறதா?

கூட்டுக்குள் ஒரு மருந்துச் சாலை

பூவிலிருந்து தேனீ உறிஞ்சி வரும் மதுரம் பெரும்பாலும் தண்ணீரே. கூட்டினுள் ஈக்கள் தம் சிறகுகளால் இடையறாது விசிறி அந்நீரை வற்றவைக்கின்றன. நூற்றுக்குப் பதினெட்டுப் பங்கு அளவிற்கு நீர் குறைந்த பிறகே அறையை மெழுகால் மூடுகின்றன. எஞ்சியதில் மிகப் பெரும்பகுதி சர்க்கரை. இத்தனை செறிந்த பாகில் கிருமி விழுந்தால், அதன் உடலிலுள்ள நீரையே தேன் இழுத்துக்கொள்ளும், கிருமி வாடிப்போகும். தேனுக்குச் சற்றுப் புளிப்புத் தன்மையும் உண்டு. இனிப்பு அதனை மறைப்பதால் நாம் உணர்வதில்லை. அப்புளிப்பும் கிருமிகளுக்கு ஒவ்வாதது.

இவை போதாவென்று, ஈக்கள் தம் வாய்ச் சுரப்பியிலிருந்து ‘குளுக்கோஸ் ஆக்சிடேஸ்’ என்ற நொதியையும் தேனில் கலக்கின்றன. தேனில் ஈரம் சேரும்போது அந்நொதி விழித்துக்கொண்டு, ஹைட்ரஜன் பெராக்சைடைச் சிறிது சிறிதாக உண்டாக்குகிறது. மருத்துவமனையில் புண்ணைக் கழுவினால் நுரைத்துப் பொங்குமே, அதே பொருள்தான். அங்கே அது செறிவாக இருப்பதால் எரிச்சலூட்டும். தேனிலோ மிக மென்மையாகச் சுரக்கும். அமெரிக்க ஆய்வாளர் ஜோனதன் வைட் 1960-களின் தொடக்கத்தில் இதனைக் கண்டுபிடித்தார்.

நியூசிலாந்து நாட்டில் வளரும் மனுக்கா என்ற செடியின் பூத்தேன் மட்டும் ஹைட்ரஜன் பெராக்சைடை நீக்கிய பிறகும் கிருமிகளைக் கொன்றது. வைகாட்டோ பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் பீட்டர் மோலன் பல்லாண்டுகள் அதன் மருமத்தை ஆராய்ந்தார். ‘மெத்தில்கிளையாக்சால்’ என்ற பொருளே காரணம் என்பது 2008-இல் தெளிவாயிற்று. இன்று அத்தேன் பொன்விலைக்கு விற்கப்படுகிறது. நம் மலைத்தேனையும் இவ்வளவு பொறுமையுடன் யாரேனும் ஆராய்ந்தால் என்னென்ன தெரியவருமோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

புண்ணுக்கும் இருமலுக்கும்

தீப்புண்ணுக்குத் தேன் இடுவதை முறைப்படி சோதித்த முன்னோடிகளில் ஒருவர் நம் நாட்டவரே. மகாராஷ்டிர மாநிலம் சோலாப்பூர் மருத்துவக் கல்லூரியின் அறுவை மருத்துவர் எம். சுப்ரமணியம், தீப்புண் கொண்ட 104 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்குத் தேனும் மற்றொரு பிரிவினருக்கு வழக்கமான வெள்ளிச் சத்துக் களிம்பும் இட்டு வந்தார். 1991-இல் வெளியான முடிவுப்படி, பதினைந்து நாள்களுக்குள் தேன் இட்டவர்களில் நூற்றுக்கு 87 பேருக்குப் புண் ஆறியிருந்தது. களிம்பு இட்டவர்களிலோ நூற்றுக்குப் பத்துப் பேருக்கே.

ஒருவர் செய்த சோதனையை மட்டும் வைத்து முடிவு கட்டுவது முறையாகாது. காக்ரேன் என்ற பன்னாட்டு ஆய்வுத் தொகுப்பு அமைப்பு 2015-இல் 26 ஆய்வுகளை, மொத்தம் 3,011 நோயாளிகளின் விவரங்களை, ஒருங்கே வைத்து எடைபோட்டது. ஆழமில்லாத தீப்புண்கள் வழக்கமான கட்டுகளைவிடத் தேனால் ஏறத்தாழ நான்கைந்து நாள் முன்னதாக ஆறுகின்றன. அறுவைக்குப் பின் சீழ் பிடித்த புண்ணுக்கும் நலம் தெரிகிறது. ஆயின் கால் நரம்பு வீங்கி உண்டாகும் நாள்பட்ட புண்ணுக்குப் பயனில்லை. நீரிழிவுக்காரரின் பாதப் புண்ணுக்குப் பயன்படும் என்று சொல்லப் போதிய சான்றும் இல்லை. இதுவே அதன் முடிபு.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மருத்துவமனையில் புண்ணுக்கு இடும் தேன், காமா கதிர்களால் கிருமி நீக்கிய தனி வகை. நம் வீட்டு அலமாரியில் இருக்கும் புட்டித் தேன் அதுவன்று. ஆகவே நீரிழிவு உள்ளவர்கள் கால் புண்ணில் வீட்டுத் தேனைத் தடவிக்கொண்டு நாளைக் கடத்துதல் காலையே இழப்பதில் முடியலாம். கண்ணில் தேன் விட்டுக்கொள்ளும் வழக்கமும் சிலரிடம் உண்டு. அதுவும் வேண்டாம்.

இருமலைப் பொறுத்தவரை நம் பாட்டிமார் கூறியது சரிதான். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் மருத்துவர் இயான் பால் குழுவினர், இரண்டு முதல் பதினெட்டு வயது வரையுள்ள 105 பிள்ளைகளிடம் நடத்திய ஆய்வு 2007-இல் வெளிவந்தது. சிலருக்கு உறங்கும் முன் தேன்; சிலருக்குக் கடையில் விற்கும் இருமல் மருந்து; சிலருக்கு ஒன்றுமில்லை. ஒன்றும் உண்ணாதவர்களைவிடத் தேன் உண்ட பிள்ளைகளின் இருமல் தெளிவாகத் தணிந்தது. உறக்கமும் நன்றாக வந்தது. மருந்துக்கு அந்தச் சிறப்புக் கிட்டவில்லை. இனிப்பு தொண்டையை நனைப்பதால் மட்டுமே இப்படி என்று கருதலாகாதா? 2012-இல் இஸ்ரேல் நாட்டவர் 300 குழந்தைகளிடம் இதனையும் சோதித்தனர். பேரீச்சம்பழப் பாகும் இனிப்புத்தான். ஆயினும் அதனைவிடத் தேன் உண்ட குழந்தைகளுக்கே மிகுதியான நலம் கிடைத்தது. இன்று இங்கிலாந்து அரசின் மருத்துவ வழிகாட்டியே சாதாரண இருமலுக்கு முதலில் தேனைச் சொல்கிறது.

அளவு என்ன? இரண்டு வயது முதல் ஐந்து வயது வரை அரைத் தேக்கரண்டி, பதினொன்று வரை ஒரு தேக்கரண்டி, அதற்கு மேல் இரண்டு. உறங்குவதற்கு அரை மணிக்கு முன். அமெரிக்க ஆய்வில் அவர்கள் கொடுத்தது இவ்வளவே. இஸ்ரேலிய ஆய்விலும் ஒரு வயது நிறைந்த குழந்தைகளே இருந்தனர். ஒரு வயதுக்கு உட்பட்ட ஒரு குழந்தைகூட இந்த ஆய்வுகள் இரண்டிலும் இல்லை.

ஒரு துளியில் உறங்கும் விதை

அதற்குக் காரணம் ‘கிளாஸ்டிரிடியம் பாட்டுலினம்’ என்ற நுண்ணுயிர். மண்ணிலும் தூசியிலும் இயல்பாக வாழ்வது. தனக்கு ஒவ்வாத இடத்தில் அது தன்னைச் சுற்றிக் கடினமான ஓடு கட்டிக்கொண்டு விதை போல் உறங்கிவிடும். தேனீ பூவுக்குப் பூ தாவும்போது இந்த விதை சில வேளைகளில் தேனில் வந்து சேர்ந்துவிடுகிறது. முன்பு சொன்ன அத்தனை காவலும், அதாவது செறிவும் புளிப்பும் நொதியும், உயிர்த்தெழுந்த கிருமியைத்தான் வெல்லும். உறங்கும் விதையை ஒன்றும் செய்யாது.

வளர்ந்தவர் வயிற்றில் இந்த விதை விழுந்தால் முளைக்காது. நம் குடலில் குடியிருக்கும் கோடானுகோடி நல்ல நுண்ணுயிர்கள் அதற்கு இடம் தருவதில்லை. பிறந்த சிசுவின் குடலிலோ அந்தக் காவற்படை இன்னும் அமையவில்லை. அங்கே விதை முளைத்து, பெருகி, நரம்புகளைச் செயலிழக்கச் செய்யும் கொடிய நஞ்சைச் சுரக்கிறது. குழந்தைக்கு முதலில் மலச்சிக்கல் வரும். பிறகு பால் உறிஞ்சும் வலிமை குறையும், அழுகுரல் மெலியும், இமைகள் சரியும், கழுத்து நில்லாமல் துவளும். முற்றினால் மூச்சுத் தசைகளும் அயர்ந்துவிடும். உரிய நேரத்தில் மருத்துவமனை சேர்த்தால் பெரும்பாலான குழந்தைகள் பிழைத்துவிடுகிறார்கள். ஆனால் வாரக் கணக்கில், சில வேளை மாதக் கணக்கில் போராட வேண்டியிருக்கும். ஆகவே இந்த அறிகுறிகளைக் கண்டால் ஒரு நாழிகையும் தாமதிக்கலாகாது.

“எங்கள் பாட்டி எத்தனையோ பிள்ளைகளுக்குச் சேனை தொட்டு வைத்தார், யாருக்கு என்ன ஆயிற்று?” என்று கேட்கும் அன்பர்கள் இருப்பார்கள். நானும் அப்படிக் கேட்டவன்தான். எல்லாத் தேனிலும் இந்த விதை இருப்பதில்லை. இருந்தாலும் எல்லாக் குழந்தைக்கும் நோய் வருவதில்லை. அரிய நோய்தான். எனினும் இதனையும் எண்ணிப் பார்க்க வேண்டும். இப்படியொரு நோய் சிசுக்களுக்கு உண்டென்பதே 1976-இல் கலிஃபோர்னியாவில்தான் கண்டறியப்பட்டது. தேனுக்கும் அதற்கும் உள்ள தொடர்பு 1979-இல் வெளியாயிற்று. அதற்கு முன் ஒரு பச்சிளங்குழந்தை பால் குடியாமல் துவண்டு போனால், மாந்தம் என்றோ தோஷம் என்றோ சொல்லிக் கண்ணீர் வடித்ததன்றி, வேறு காரணம் தேட நம் முன்னோர்க்கு வழியேது? அவர்கள் எண்ணிய கணக்கில் அந்தக் குழந்தைகள் வரவில்லை, அவ்வளவே.

காய்ச்சிக் கொடுக்கலாமே என்றால், அதுவும் பயனில்லை. கொதிக்கும் நீரின் சூட்டையும் இந்த விதை தாங்கும். தேன் எவ்வளவு தூயதென்பதும் இங்கே பொருட்டன்று. மலைத்தேனாயினும், கண்ணெதிரே பிழிந்ததாயினும், சந்நிதியில் வைத்ததாயினும் விதை இருக்கலாம். மண்ணிலும் தூசியிலும் அது இருப்பதை நம்மால் முற்றிலும் தடுக்க இயலாது. தேனை மட்டும் தடுக்க இயலும்.

ஜாதகர்மத்தில் பொன்னால் தேனும் நெய்யும் தொட்டு நாவில் இடுவது கிருஹ்ய சூத்திரங்கள் சொல்லும் வழக்கம். சேனை வைப்பது நம் ஊர்களில் எல்லாக் குலத்தாரிடமும் உள்ள வழக்கம். உரை மருந்தைத் தேனில் குழைப்பது, சூப்பானைத் தேனில் தோய்த்து வாயில் வைப்பது, கோயிலிலிருந்து வந்த பஞ்சாமிர்தத்தை ஆறு மாதக் குழந்தைக்கு விரலால் தொட்டுக் கொடுப்பது, இவையெல்லாம் அன்பின் பெருக்கால் நடப்பவையே. ஆண்டு நிறையும் வரை இவை எதிலும் தேன் கூடாது. பஞ்சாமிர்தத்தில் தேன் கலந்திருப்பதைப் பலர் நினைத்துப் பார்ப்பதே இல்லை.

அப்படியாயின் பிரசாதத் தேனை என்ன செய்வது? குழந்தையின் அன்னை உண்ணலாம். கருவுற்ற பெண்களும் பாலூட்டும் தாய்மாரும் தேன் உண்பதில் இந்த அச்சம் இல்லை. அவர்கள் குடலில் விதை முளைக்காது. தாய்ப்பால் வழியே குழந்தையையும் சென்றடையாது. இறைவன் பிரசாதம் தாயைச் சேர்ந்து, தாயின் பால் சேயைச் சேர்கிறது. இதில் குறை என்ன இருக்கிறது?

பெரியவர்கள் கவனிக்க வேண்டியவை

இனி நம் வயதினரைப் பற்றி. “தேன் சர்க்கரை ஆகாது, நீரிழிவுக்காரரும் உண்ணலாம்” என்று சொல்லக் கேட்டு நாள்தோறும் கரண்டி கரண்டியாக உண்ணும் பெரியவர்களை நான் அறிவேன். ஒரு தேக்கரண்டிச் சர்க்கரையின் எடை ஏறத்தாழ நான்கு கிராம். ஒரு தேக்கரண்டித் தேன் ஏழு கிராம். அதில் ஆறு கிராம் வரை சர்க்கரையே. கரண்டிக்குக் கரண்டி பார்த்தால் தேனில்தான் கூடுதல். நீரிழிவு உள்ளவர்கள் மருந்துக்கு அனுபானமாகக் கொள்ளும் சிறிதளவையும் கணக்கில் சேர்த்து, மருத்துவரிடம் சொல்லிவிடுவது நல்லது.

தேனைச் சுடவைக்கலாகாது என்று சரக சம்ஹிதை விலக்குகிறது. சூடேறினால் தேனின் நொதி அழிந்துபோவதையும், ‘எச்.எம்.எப்.’ எனப்படும் ஒரு வேதிப்பொருள் கூடுவதையும் இன்றைய ஆய்வகங்களும் காண்கின்றன. அப்பொருளின் அளவை வைத்தே தேன் பழையதா, சுட்டதா என்று தரம் பார்க்கிறார்கள். காலையில் வெந்நீரில் தேன் கலந்து பருகுவோர், நீர் கை பொறுக்கும் சூட்டிற்கு ஆறிய பின் கலந்தால் போதும். தேனும் நெய்யும் சம அளவில் சேரலாகாது என்பதும் சரகர் வாக்கே.

தேன் தலைமுடியில் பட்டால் நரைக்கும் என்பதற்கு மட்டும் ஒரு சான்றும் எனக்குக் கிடைக்கவில்லை. நரைப்பதற்கு இனி மிச்சமில்லாத நமக்கு அதனால் கவலையும் இல்லை!

முக்திநாத் யாத்திரை செல்லும் அன்பர்களுக்கு ஒரு சொல். நேபாள மலைகளில் ரோடோடென்ட்ரான் பூக்களிலிருந்து ஈக்கள் சேர்க்கும் ஒருவகைத் தேனில் இயல்பாகவே நஞ்சு உண்டு. சிறிது உண்டாலும் தலை சுற்றி, நாடி தளர்ந்து, இரத்த அழுத்தம் சரியும். இதய நோய்க்கு மருந்து உண்பவர்களுக்கு அது பேராபத்து. வழியில் விற்கும் மலைத்தேனை ஆசைப்பட்டு வாங்க வேண்டாம்.

கலப்படம் பற்றியும் சொல்ல வேண்டும். டில்லியிலுள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 2020-இல் 13 நிறுவனங்களின் தேனை ஜெர்மனி ஆய்வகத்திற்கு அனுப்பிச் சோதித்ததில், மூன்று மட்டுமே தேறின. நிறுவனங்கள் மறுத்தன என்பதும் உண்மை. கலப்படத்திற்கெனவே தயாராகும் சர்க்கரைப் பாகை, நம் நாட்டில் அப்போது வழக்கத்திலிருந்த சோதனைகளாலேயே கண்டுபிடிக்க முடியவில்லை என்றது அம்மையம். அப்படியிருக்க, நீரில் ஒரு சொட்டு விடுவதும், தீக்குச்சியை நனைத்துக் கொளுத்துவதும், எறும்பு மொய்க்கிறதா என்று பார்ப்பதும் என்ன பயன் தரும்? கெட்டியான சர்க்கரைப் பாகும் நீரில் அடியில்தான் படியும். நல்ல தேனையும் எறும்பு மொய்க்கத்தான் செய்யும். உறைந்துபோன தேனைக் கலப்படம் என்று கொட்டிவிடுவோரும் உண்டு. தேனிலுள்ள குளுக்கோஸ் காலப்போக்கில் மணி மணியாக உறைவது இயற்கையே. மார்த்தாண்டம் பகுதியின் ரப்பர்த் தோட்டத் தேன் விரைவிலேயே உறைந்துவிடும். இளஞ்சூடான நீரில் புட்டியைச் சற்று நேரம் வைத்தால் இளகும். நம்பிக்கையான தேன் வளர்ப்போரிடம் நேரில் வாங்குவதே எனக்குத் தெரிந்த நல்ல வழி.

அபிஷேகத் தேனைப் பற்றியும் ஒன்று. அது பாலும் நீரும் கலந்து வருவதால், தேனின் கெடாத் தன்மையை இழந்துவிடுகிறது. நீர் கூடினால் தேனிலுள்ள நொதிப்பூஞ்சைகள் விழித்துப் புளிக்கவைத்துவிடும். அன்றைக்கே உட்கொண்டுவிட வேண்டும். புட்டியில் அடைத்து மாதக் கணக்கில் வைத்திருக்கலாகாது. நீர் படாத தூய தேனோ, இறுக மூடி வைத்தால் ஆண்டுகள் தாங்கும்.

இவற்றையெல்லாம் அறிந்த பின் திருப்புறம்பியத்தில் சந்தித்த அம்மையாருக்குத் தொலைபேசியில் பேசினேன். கேட்டுவிட்டுச் சிறிது நேரம் மௌனமாக இருந்தார். பிறகு, “நல்ல வேளைங்க அய்யா, மக சொன்னான்னு நானும் தொட்டு வைக்கல. மனசுதான் கேக்காம இருந்துது. அவளையே ஒரு கரண்டி சாப்பிடச் சொல்லிடறேன்” என்றார். மிச்சத் தேன் என்ன ஆகும் என்று கேட்டேன். புட்டியை இறுக மூடிப் பூஜை அலமாரியில் வைத்துவிட்டதாகவும், பேரனின் ஆண்டு நிறைவுத் தேதியைத் தாளில் எழுதி மேலே ஒட்டப் போவதாகவும் சொன்னார்.